கல்வியும் கணக்கேடும்

கள்ளக்குறிச்சி நகருக்கு மேற்கே கல்வராயன் மலை உயர்ந்து நிற்கின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அம்மலையில் தோன்றும் கோமுகி ஆறு, கீழிறங்கி வயல்களை வளப்படுத்துகின்றது. மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விளைவிக்கின்றனர். தேனும் கடுக்காயும் சேகரிக்கின்றனர். விளைச்சல் குறைந்த காலத்தில் வேலை தேடிக் குடும்பத்தோடு வெளியூர் செல்வோரும் உளர்.

அம்மலையூர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டிய நாள் அவளுக்குத் தெரியவில்லை. சாதிச் சான்றிதழும் கைக்கு வரவில்லை. இதற்குள் பெற்றோருடன் வேலைக்குச் சென்றுவிடுகிறாள். பள்ளியின் ஏட்டில் அவள் தேர்ச்சி பெற்றவள். கல்லூரியின் ஏட்டிலோ அவள் பெயரே இல்லை. இரண்டு ஏடுகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பார் இல்லையெனில், அவள் விடுபட்டது எவருக்கும் தெரியாது.

மாலையில் பட்டியை அடைக்கும் ஆயன் ஆடுகளை எண்ணுகிறான். ஒன்று குறைந்தால் உடனே தேடப் புறப்படுகிறான். எண்ணாதவனுக்கு இழப்பே தெரியாது. கல்வித்துறையில் இக்காலத்தில் கணிப்பொறி செய்யும் பணியும் இத்தகையதே.

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஒவ்வொருவர்க்கும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில் தனி எண் உண்டு. மாணவர் வேறு பள்ளிக்கு மாறினாலும் அவ்வெண் மாறுவதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் ஒரு கிளையே ‘உயர்வுக்குப் படி’. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தும் மேற்படிப்பில் சேராதவர் யாவர் என்பதை இத்திட்டம் கண்டறிகின்றது. பின்னர் அவர்களை முகாம்களுக்கு அழைக்கின்றது. கல்லூரி, தொழிற்பயிற்சி நிலையம், வருவாய்த்துறை, வங்கி ஆகியவற்றைச் சேர்ந்தோர் அங்கே ஓரிடத்தில் கூடுகின்றனர். சேர்க்கை, சான்றிதழ், கல்விக்கடன் ஆகியவற்றுக்குத் தனித்தனியே அலையும் துன்பம் இதனால் குறைகின்றது.

சேர்க்கையோடு பணி முடிவதில்லை. கற்ற தொழில் வாழ்வுக்கு உதவ வேண்டும். நெடுங்காலம் படிக்க வசதியற்றவர்க்கு அருகிலேயே தொழிற்கல்வி அளிக்க எழுந்தவை சமுதாயக் கல்லூரிகள். அமெரிக்காவில் ஜோலியட் நகரில் 1901இல் இத்தகைய கல்லூரி தோன்றிற்று. இந்தியாவில் 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அதற்கு அடுத்த ஆண்டில் சென்னையில் வேறொரு கல்லூரியும் இம்முறையைத் தொடங்கின.

கற்றவர் பின்னர் என்ன ஆயினர் என்பதை அறியவும் வழி உண்டு. கலிபோர்னியா மாநிலச் சமுதாயக் கல்லூரிகள் 2013இல் ‘சேலரி சர்ஃபர்’ என்னும் இணையக் கருவியை வெளியிட்டன. ஒரு படிப்பை முடித்தோர், முடிப்பதற்கு 2 ஆண்டுகட்கு முன்னும், முடித்த 2 ஆண்டுகளிலும் 5 ஆண்டுகளிலும் பெற்ற ஊதியத்தை அது காட்டிற்று. தனி ஒருவரின் விவரம் அதில் இல்லை; ஒரு படிப்பை முடித்தோரின் பொதுநிலையே இருந்தது. எப்படிப்பில் சேரலாம் என்று எண்ணும் மாணவர்க்கு அது வழிகாட்டிற்று. எப்பாடத்தைத் திருத்த வேண்டும் என ஆராயும் ஆசிரியர்க்கும் இத்தகைய கணக்கு துணையாகும்.

பயிற்சியும் காலத்திற்கேற்ப மாற வேண்டும். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள், தானியங்கிப் பொறிகளையும் கணிப்பொறி இயக்கும் கடைசல் பொறிகளையும் கற்பிக்கும் மையங்களாக மேம்படுத்தப்பட்டன. இனி அங்கே பயின்றோர் எத்தொழிலில் அமர்ந்தனர் என்பதையும் தொடர்ந்து அறிந்தால்தான் அம்முதலீட்டின் பயன் விளங்கும்.

ஆயினும் எண்ணை அளவின்றி நம்புதல் ஆகாது. வெளியூர் சென்ற குடும்பத்தின் தொலைபேசி எண் மாறியிருக்கலாம். மலை இடுக்கில் அலைபேசி எட்டாமலும் போகலாம். அழைப்புக்கு விடை வராதவரை ‘விருப்பமில்லாதவர்’ என்று ஏட்டில் குறித்துவிட்டால், கணக்கு முடிந்துவிடும், கடமை முடியாது. ஊதியம் குறைந்த படிப்பெல்லாம் பயனற்றது என்பதும் பிழை. அவ்வூரில் தொழிற்சாலை இல்லாமையும் காரணமாகலாம். மேலும், மாணவரைப்பற்றித் திரட்டிய செய்திகள் பிறர் கைக்குச் செல்லாமல் காக்கப்படல் வேண்டும்.

கணிப்பொறி பட்டியலைத் தரும்; விடுபட்ட பெயரைச் சுட்டும். அப்பெயருக்கு உரியவளின் வீட்டைத் தேடி மலைப்பாதையில் நடப்பவர் மனிதரே. அவர் கதவைத் தட்டி, “அம்மா, உன் படிப்பு இன்னும் முடியவில்லை, சான்றிதழ்களை எடுத்து வா” என்று அழைக்கும்போதுதான் கணக்கு கல்வியாகின்றது.