கொடி வெட்டினால் முடிந்துவிடுவதில்லை

பர்கூருக்குப் பக்கத்துத் தாலுகாவான போச்சம்பள்ளியில், புலியாம்பட்டியைச் சேர்ந்த 27 வயதுப் பெண் ஒருவர் 2023 ஆகஸ்டில் வீட்டிலேயே பிரசவமாகி, ரத்தப்போக்கால் இறந்தார். யூடியூப் பார்த்துக் கணவரே பிரசவம் பார்த்ததாகச் செய்தி பரவியது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் புகாரின் பேரில் போலீஸ் விசாரித்தது. 2018இல் திருப்பூரில் ஓர் ஆசிரியையும் இப்படித்தான் உயிரிழந்தார்.

தொப்புள்கொடியைச் சரியாக வெட்டாததே காரணம் என்று போச்சம்பள்ளிச் சம்பவத்தின்போது பலரும் சொன்னார்கள். வெட்டத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறப்பதுதான் ஆபத்து. பிரசவத்தில் தாயின் உயிரைக் குடிக்கும் ரத்தம் பெரும்பாலும் கர்ப்பப்பையிலிருந்தே வருகிறது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடும். நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பை கெட்டியாகச் சுருங்கினால்தான் அவை மூடும். அதற்காகவே குழந்தை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறார்கள். ஃபிரிட்ஜில் வைத்துக் காக்க வேண்டிய மருந்து அது. பிறகு நர்ஸ் அடிக்கடி வந்து தொப்புளுக்குக் கீழே கைவைத்து அழுத்திப் பார்ப்பார். கர்ப்பப்பை கல்லுபோல் இருந்தால் நிம்மதி. கொழகொழவென்று இருந்தால் உடனே தேய்த்துவிட வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். இதை எந்த வீடியோவும் செய்யாது.

ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இழப்பைத் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. “ரத்தம் எத்தனை பாயிண்ட்?” என்று செக்கப்பில் கேட்பது இதற்காகத்தான். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 பாயிண்டாவது வேண்டும். 7க்குக் கீழே போனால் ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமா என்ற கேள்வி இன்றும் வருகிறது. பிறக்காது. மலம்தான் கறுக்கும், அதில் பயமில்லை. காலை ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் டீயோடு மாத்திரையை விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீரோடோ எலுமிச்சைச் சாற்றோடோ போடலாம்.

கர்ப்ப காலத்தில் தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடம் உடைதல், சிறிதளவு ரத்தம் படுதல்: எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

“சுகப்பிரசவம்தானே, சாயங்காலமே கூட்டிப்போகலாமா?” என்பது அடுத்த கேள்வி. 48 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் இருப்பது நல்லது. பெரும்பாலான ரத்தப்போக்கு முதல் 24 மணி நேரத்தில்தான் வருகிறது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரே மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், பிரசவமாகிப் பத்து நாள் ஆகியிருந்தாலும் 108ஐ அழைக்க வேண்டும்.