இரவில் பார்க்கும் கருவி: வேட்டைக்குச் சட்டம் இடந்தருமா?

1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது ரோச் பற்றறியும் தடைப்பட்ட பொருளானது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே இரவைக் கழித்த குடும்பங்கள் நாம். இன்று மீளக்குடியேறிய ஒரு விவசாயி எம்மிடம் இப்படிக் கேட்கிறார்: "ஜேர்மனியிலுள்ள மகன் இருட்டிலே பார்க்கிற கண்ணாடி ஒன்று அனுப்புகிறானாம். தோட்டத்துக்கு வருகிற பன்றியையும் முயலையும் அதை வைத்துச் சுடலாமோ?"

கேள்வி நியாயமானது. பல ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்த காணிகள் பற்றை மண்டிப் போயின. கடன்பட்டு நட்ட பயிரை ஒரே இரவில் விலங்குகள் அழித்துவிட்டால், அந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

முதலில் கருவியைப் பார்ப்போம். ஒருவகை, நட்சத்திர ஒளி போன்ற சிறு வெளிச்சத்தையும் பலமடங்காக்கிக் காட்டும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பனவும் உண்டு. மற்றவகை, உடலின் வெப்பத்தை உணர்ந்து உருவமாக்கும்.

இனிச் சட்டம். எமது நாட்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 இல் வந்தது. 1993 இலும் 2009 இலும் திருத்தப்பட்டது. எந்தக் கருவி கையில் இருந்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும்.

எந்த விலங்கு? பாலூட்டிகளும் ஊர்வனவும் பறவைகளும் பொதுவாகப் பாதுகாக்கப்பட்டவை. அட்டவணையில் விலக்களிக்கப்பட்டவை மட்டுமே வேறு. பயிரைத் தின்றது என்பதனால் ஒரு விலங்கு பாதுகாப்பை இழந்துவிடாது. மானை இரவில் சுட்டாலும் பகலில் சுட்டாலும் குற்றமே.

எந்த இடம்? 1938 முதல் சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. அங்கே வேட்டையாடுவது மட்டுமல்ல, அனுமதியின்றி உட்புகுவதே குற்றம். வடமராட்சி கிழக்கு மக்கள் எல்லை எதுவென்று அறிந்திருப்பது நல்லது.

எந்த ஆயுதம்? துவக்குக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அனுமதியற்ற நாட்டுத் துவக்கும் கட்டுத்துவக்கும் சட்டவிரோதமானவை. கருவி புதிதென்பதனால் துவக்கு சட்டபூர்வமாகி விடாது.

"அங்கே வெளிநாட்டில் இதை வைத்துச் சுடுகிறார்களே" என்பர். ஜேர்மனியின் வேட்டைச் சட்டம் இரவுக் குறிநோக்கிகளைப் பொதுவாகத் தடுக்கிறது. காட்டுப்பன்றிக்கு அங்குள்ள பல மாநிலங்கள் விலக்களித்துள்ளன. இங்கிலாந்திலே 1991 ஆம் ஆண்டின் மான்கள் சட்டப்படி, சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலம் முதல் உதிக்க ஒரு மணித்தியாலம் வரை மான் வேட்டை பொதுவாகத் தடை. ஆகவே அங்கேயும் கட்டுப்பாடு உண்டு.

சட்டத்தை விடவும் பெரிய காரணம் ஒன்றுண்டு. வெப்பத்தைக் காட்டும் கருவி பன்றியைக் காட்டும். பற்றைக்குள் கிடக்கும் கண்ணிவெடியைக் காட்டாது. போரின் பின் பல்லாண்டுகள் கண்ணிவெடி அகற்றப்பட்ட முகமாலையை நாமெல்லாம் அறிவோம். பற்றைக்கு அப்பால் குந்தியிருப்பது விலங்கா, மாடு தேடி வந்த அயலவனா என்பதும் தூரத்திலே தெளிவாகத் தெரியாது. ஒரு வெடியில் இரு குடும்பங்கள் அழிந்துவிடும்.

என்ன செய்யலாம்? அழிவு ஏற்பட்ட அன்றே கிராம அலுவலரிடமும் கமநல சேவை நிலையத்திலும் எழுத்தில் முறையிடுங்கள். பிரதியொன்றைக் கையில் வைத்திருங்கள். உங்கள் தோட்டத்துக்கு வருவது எந்த விலங்கு, அதற்குச் சட்டம் என்ன இடந்தருகிறது என்று வனசீவராசிகள் திணைக்கள அலுவலரிடம் கேளுங்கள். கருவியை அனுப்பு முன், கொண்டுவர அனுமதி தேவையா என்று சுங்கத்திடம் மகன் விசாரிக்கட்டும். நாலு தோட்டக்காரர் சேர்ந்து வேலியை அடைத்து, முறைவைத்துக் காவல் இருந்து, தகரம் தட்டி விரட்டுவதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்து எல்லாம் இழந்து திரும்பியவர்கள் நாம். ஒரு பன்றிக்காக வழக்கும் சிறையும் எமக்கு வேண்டாம்.