டாக்டர் ‘நடங்க’ என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது?

இனிப்பு நீருக்கோ ரத்தக் கொதிப்புக்கோ கிளினிக் போகிற யாருக்கும் இந்த வசனம் மனப்பாடம்: “கொஞ்சம் நடங்கம்மா.” பதிலும் மனப்பாடம்: “சரிங்க டாக்டர்.” நாளைக்கு யாரும் நடக்கப் போவதில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அப்படியானால் குடும்ப மருத்துவர்கள் இதைப் பாடமாகவே படிப்பது எதற்கு?

தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியும் உளுந்தும் எத்தனை பங்கு என்று சொல்லிவிட்டால் தோசை வந்துவிடாது. ஊற வேண்டும், அரைபட வேண்டும், உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைக்க வேண்டும். அப்புறம் ராத்திரி, அடுப்படியில் ஆளில்லாதபோது, மாவு தானாகப் புளிக்க வேண்டும். டாக்டர் அறையில் நடப்பது ஊறவைப்பதிலிருந்து கரைத்து மூடி வைப்பது வரைதான். புளிப்பது வீட்டில்.

முதல் வேலை, ஊறவைப்பது. அதாவது கேட்பது. அமெரிக்காவின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகள் 2009இல் இதை இரண்டே கேள்விகளாகச் சுருக்கின: வாரத்தில் எத்தனை நாள் வேகநடை மாதிரி உடற்பயிற்சி செய்கிறீர்கள்? அந்த நாளில் எத்தனை நிமிடம்? இரண்டையும் பெருக்கி, ரத்த அழுத்தம் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுவார்கள். ஊறாத அரிசியை அரைத்தால் மாவு நறநறவென்றுதான் இருக்கும். கேட்காமல் சொல்லும் ஆலோசனையும் அப்படித்தான்.

மலேசியாவின் தாசேக் கெலுகோர் பக்கம் இந்தக் கேள்விக்கு வருகிற பதில் சுவாரசியமானது: “நான்தான் நாளெல்லாம் வேலை செய்யுறேனே டாக்டர்!” செபராங் பிறை வடக்கின் தோட்டங்களில் வளர்ந்த குடும்பம் என்றால், அந்தப் பேச்சில் இரண்டு தலைமுறை நினைவு இருக்கிறது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரை நிரையாக நூற்றுக்கணக்கான ரப்பர் மரம் சீவி, பால் வாளி சுமந்த தாத்தாவுக்கு யாரும் நடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பேத்தி தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கிறாள். களைப்பு அதே களைப்பு. உடம்பு அசைந்தது மட்டும் குறைவு. களைப்பை உடற்பயிற்சிக் கணக்கில் எழுதிவிடாமல் பிரித்துப் பார்ப்பதுதான் நல்ல டாக்டரின் கைப்பக்குவம். இது ஏன் முக்கியம் என்பதை எண்களே சொல்லும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3. போதிய உடலுழைப்பு இல்லாத பெரியவர்கள் அந்த ஆண்டு 25.1 விழுக்காடு, 2023இல் 29.9.

அடுத்தது அளவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது. கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடை அரிசி என்றால் இது உளுந்து; அரிசி மட்டும் அரைத்துச் சுட்டுப் பாருங்கள், தெரியும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதிலிருந்துகூடத் தொடங்கலாம்.

இங்கேதான் பாத்திரத்தின் அளவு முக்கியம். விளிம்புவரை மாவு ஊற்றி வைத்தால் ராத்திரி பொங்கி வழிந்துவிடும். வருஷக்கணக்காக நடக்காத ஒருவர் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால் மூன்றாம் நாள் முட்டி வீங்கும், நான்காம் நாள் நடை நின்றுவிடும். அதனால் பத்து நிமிடத்தில் தொடங்கச் சொல்வார்கள். அதற்கு முன் சில சங்கதிகளைப் பார்த்துவிடுவார்கள்: நடக்கும்போது நெஞ்சு அடைக்கிறதா, பாதம் மரத்திருக்கிறதா, செருப்பு கடிக்கிறதா, கண்ணில் ரத்தக்கசிவு உண்டா. இன்சுலினோ கிளிக்லசைடு என்ற நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் விடிகாலை நடக்கக் கிளம்பினால் சீனி இறங்கி மயங்கலாம். நெஞ்சு வலிக்கிறது என்பவருக்கு நடைப் பாடம் கிடையாது, முதலில் இதயப் பரிசோதனை.

பிறகு இடம், நேரம், துணை. லாரியும் மோட்டாரும் உரசிப்போகும் சாலையோரம் நடக்கச் சொல்வது ஆலோசனை ஆகாது. தெருநாய், சாயங்கால மழை, சிப்ட் வேலை எல்லாம் பேசப்பட வேண்டும். “செவ்வாய், வியாழன், ஞாயிறு, காலை ஏழு மணி, பள்ளித் திடல், பக்கத்து வீட்டு அக்காவோடு” என்று நோயாளி வாயாலேயே வந்தால்தான் மாவு கரைந்தது என்று பொருள்.

கடைசி வேலை மூடியைத் திறந்து பார்ப்பது, அதாவது தொடர்ந்து விசாரிப்பது. பலனில் பெரும்பங்கு இதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. நியூசிலாந்தில் டாக்டர்கள் பச்சைச் சீட்டில் உடற்பயிற்சியை மருந்து போலவே எழுதிக் கொடுக்கிறார்கள். 2003இல் வெளியான அந்நாட்டு ஆய்வில் 878 பேர். சீட்டோடு சேர்த்து மூன்று மாதம் தொலைபேசியில் விசாரிக்கவும் ஆளிருந்தது. ஓராண்டு கழித்து, சீட்டு பெற்றவர்களின் ஓய்வுநேரப் பயிற்சி பெறாதவர்களைவிட வாரத்துக்கு 34 நிமிடம் கூடியிருந்தது. சின்னக் கணக்குத்தான், ஆனால் ஒரு சீட்டும் சில அழைப்புகளும் செய்த வேலை.

சென்னையில் ஏ. இராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கம். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர். வழக்கமான பேச்சோடு விடப்பட்டவர்களில் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவும் நடையும் சொல்லித் தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 39.3. ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் கூடுதலாக எதுவும் திணிக்கவில்லை, இருப்பதைத் தொடரச் சொன்னார்கள். கேட்டதால் கிடைத்த அறிவு அது.

வெளியே கூட்டம் காத்திருக்கையில் இத்தனையும் சில நிமிடத்தில் முடியாது. தாதியும் உணவியல் அலுவலரும் பங்குபோட்டுக்கொண்டால் முடியும். நீங்களும் ஒரு கை கொடுக்கலாம். அடுத்த முறை போகும்போது மருந்துப் பையோடு அந்த இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு போங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம். சைபர் என்றால் சைபர் என்றே எழுதுங்கள். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.