ஒரு நெறிமுறை, இரண்டு பிரமாணங்கள்

(வலைப்பின்னல் வளர்ந்த வரலாறு – 14)

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பாநெட்டில் இணைந்த கம்ப்யூட்டர்கள் 1983 ஜனவரி முதல் தேதியன்று டி.சி.பி., ஐ.பி. நெறிமுறைகளுக்கு மாறவேண்டும் என்று விதிக்கப்பட்டதைச் சென்ற வாரம் கண்டோம். அவற்றுக்கு மூலப் பிரமாணங்களாக விளங்கியவை, ஜான் போஸ்டல் பதிப்பித்து 1981 செப்டம்பரில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. என்னும் இன்டர்நெட் ஆவண வரிசையின் 791, 793 ஆகியவை. ஆயினும், ராணுவத்துக்கென்று தனியே தரநிர்ணயம் வகுப்பது அத்துறையின் சம்பிரதாயமாகையால், அதே நெறிமுறைகளுக்கு 1983 ஆகஸ்டில் மில்-ஸ்டாண்டர்டு 1777, 1778 என்ற வேறு இரு ஆவணங்களும் தோன்றின.

இரு சாராரும் ஒரே விஷயத்தையே சொல்ல நினைத்தார்கள். சொன்ன முறையில்தான் பேதம். ஆர்.எஃப்.சி. பெரும்பாலும் உரைநடையில் விளக்கிச் சென்றது. ராணுவ ஆவணமோ, சந்தேகத்துக்கு இடமே இருக்கலாகாதென்று, இன்ன நிலையில் இன்னது வந்தால் இன்னது செய்க என அட்டவணை போட்டு வகுத்துரைத்தது. விபரீதம் விளைந்தது அந்தக் கண்டிப்பான பகுதியில்தான்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தீபிந்தர் சித்து, 1985 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 963 வாயிலாக அதை வெளிப்படுத்தினார். ஒரு வலைப்பின்னல் தாங்கக்கூடிய அளவுக்கு மேற்பட்ட செய்திப் பொதியைத் துண்டுகளாக்கி அனுப்புவதும், அவற்றைச் சேருமிடத்தில் முறைப்படி கோப்பதும் ஐ.பி.யின் முக்கியக் கடமைகள். 1777-ஐ எழுத்துக்கு எழுத்து பின்பற்றினாலோ, கடைசியாக வந்துசேரும் துண்டு கோக்கப்படாமலே போய்விடும். குறைபட்ட செய்தி மேலடுக்குக்குச் செல்லும். அதன் நீளமும் தவறாகவே தெரிவிக்கப்படும். விதிக்குப் பூரணமாகக் கட்டுப்பட்டவனே செய்தியை இழப்பான்!

இந்த முரண்பாட்டுக்கு நிர்வாகிகள் கண்ட பரிகாரம் பாராட்டத்தக்கது. எந்த ஆவணத்தையும் அவர்கள் தள்ளிவைக்கவில்லை. இரண்டும் ஒரே நெறிமுறையையே குறிப்பவை என்று அறிவித்து, வேற்றுமை தென்பட்டால் ராணுவத் தகவல் தொடர்பு முகமைக்கும் இன்டர்நெட் நிர்வாகத்தாருக்கும் தெரிவிக்கும்படி வேண்டி, இரண்டையும் சேர்த்தே படிக்குமாறு உபதேசித்தார்கள். பின்னர், நடைமுறையில் பெற்ற அனுபவத்தையெல்லாம் திரட்டி, ராபர்ட் பிரேடன் பதிப்பித்த ஆர்.எஃப்.சி. 1122, 1123 ஆகியவை 1989 அக்டோபரில் வெளிவந்தன.

பிழை ராணுவத்தாருக்கு மட்டும் உரியதென்று கருதுவது நியாயமன்று. அவசரத் தரவு எங்கே முடிகிறது என்பதைப் பற்றி ஆர்.எஃப்.சி. 793 தானே இரண்டு இடங்களில் இருவிதமாகப் பேசியது. வித்தியாசம் ஒரே ஒரு ஆக்டெட், அதாவது எட்டு பிட். அவற்றுள் ஒன்று தவறென 1122 தீர்ப்பளித்தும், அந்தத் தவறான வழியையே பெரும்பாலான மென்பொருள்கள் அனுசரித்து வந்தமையால், 2011-இல் ஆர்.எஃப்.சி. 6093 விதியையே நடைமுறைக்கு இணங்கத் திருத்த நேர்ந்தது. எத்துணைப் பெரிய அதிகாரபீடம் பிறப்பித்த விதியாயினும், இயங்கும் இயந்திரங்களின் சாட்சியத்துக்குச் செவிசாய்த்துத் தன்னைத் திருத்திக்கொண்டால்தான் அது நிலைபெறும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இதற்கிடையே, டி.சி.பி.யைப் படிப்படியாகக் கைவிட்டு, சர்வதேசத் தரநிர்ணயமான டி.பி.-4-க்கு மாறலாமென்று 1985-இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழு ஒன்று பாதுகாப்புத் துறைக்குச் சிபாரிசு செய்திருந்தது. அதன் கதியை அடுத்த வாரம் காண்போம்.

(தொடரும்)