பேர்ட் வுமன் அருவி: அந்தரத்தில் முடியும் பள்ளத்தாக்கு

கிளேசியர் தேசியப் பூங்கா, மொன்டானா

எதிர்மலையில் வெள்ளை நூல்போலத் தொங்குவது பேர்ட் வுமன் அருவி. உயரம் சுமார் 150 மீட்டர். இடைவெளி மூன்று கிலோமீட்டர் இருப்பதால்தான் இவ்வளவு மெலிந்து தெரிகிறது.

நீர் குதிக்கும் விளிம்பை உற்றுப் பாருங்கள். ஓபர்லின், கேனன் மலைகளுக்கு நடுவே வரும் சிறு பள்ளத்தாக்கு, கீழே இறங்காமல் அந்தரத்தில் முடிகிறது. பனியுகத்தில் கீழே நகர்ந்த பெரிய பனியாறு மலையை ஆழமாகக் குடைந்தது. பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சின்னப் பனியாற்றுக்கு அந்த வலு இல்லை. பனி உருகிப் போனதும் இரண்டுக்கும் நடுவே ஒரு பெரும் படி நின்றுவிட்டது. 'தொங்கு பள்ளத்தாக்கு' என்பது இதைத்தான்.

நீங்கள் வந்த கோயிங்-டு-தி-சன் சாலை, 1933இல் திறப்பு விழா கண்டது. நீளம் சுமார் 80 கி.மீ. இத்தனை ஏற்றத்துக்கும் கொண்டை ஊசி வளைவு ஒன்றே ஒன்று. மலையின் இடுப்பை ஒட்டியே ஏறி லோகன் கணவாயை அடைகிறது. மலையை அதிகம் சிதைக்காத அருமையான தடம் இது.

மேலே போனால் 'வீப்பிங் வால்'. பாறை இடுக்குகளில் கசியும் நீர், கோடைத் தொடக்கத்தில் மலையோரமாக இறங்கும் கார்களின் கூரையில் தடதடவென்று கொட்டும். கோடை முடிவில் சொட்டுச் சொட்டாக வடியும்.

அங்கே நடுச்சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓரக் கல்சுவரின்மேல் ஏறவும் வேண்டாம். அதற்கு அப்பால் செங்குத்துச் சரிவு.