போரிவலிக் காட்டில் ஒரு ஞாயிறு
மித்தி ஆறு பிறக்கும் இடத்தைப் பார்த்து வாருங்கள்

தாராவியில் குடியிருப்போருக்கு மித்தி ஆற்றை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கும் அந்தக் கறுப்புத் தண்ணீரின் நாற்றம் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அது வீட்டு வாசலுக்கு வரும் விதமும் தெரியும். ஆனால் அது எங்கே பிறக்கிறது என்று கேட்டால், இருபது வருடம் மும்பையில் காலம் தள்ளியவர்களும் சற்றே யோசிப்பார்கள். சாக்கடைகள் ஒன்றுகூடி உண்டான ஆறு என்று சொல்பவர்களும் உண்டு.

மித்தி பிறப்பது காட்டில்! மரங்கள் அடர்ந்த மலைச் சரிவுகளில் பெய்யும் மழை விஹார் ஏரியில் சேருகிறது. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மித்தி. வழியில் பவாய் ஏரியின் உபரி நீரும் சேர்ந்துகொள்ள, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி அது நம் பகுதிக்கு வருகிறது. பிறக்கும்போது தெளிந்த நீர்தான். அதை இந்தக் கோலத்துக்கு ஆளாக்கியது நகரம்.

அந்தக் காட்டின் பெயர் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. பழைய ஆட்கள் இன்றும் போரிவலி நேஷனல் பார்க் என்றுதான் சொல்வார்கள். பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாற்பது தாராவிகளை அதற்குள் அடக்கிவிடலாம். இத்தனை பெரிய நகரத்தின் எல்லைக்குள்ளேயே சிறுத்தைகள் சுயேச்சையாகத் திரியும் ஒரு காடு இருப்பது உலகத்திலேயே அபூர்வம். லோக்கல் ரயிலில் போய்ப் பார்க்கக்கூடிய அபூர்வம்!

போவது எப்படி?

தாராவி அன்பர்கள் மாஹிமிலும், மாட்டுங்காவில் இருப்பவர்கள் மாட்டுங்கா ரோட்டிலும் மேற்கு ரயில் தடத்தில் போரிவலி ஸ்லோ வண்டி ஏறினால் போதும். செம்பூரிலிருந்து வருவோர் ஹார்பர் வண்டியில் குர்லா வந்து, அங்கிருந்து தாதர் சென்று மாறலாம். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் உண்டா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது. போரிவலியில் கிழக்குப் பக்கம் இறங்கினால் பூங்கா வாசல் நடக்கிற தூரம்தான். மெட்ரோ ஏழாம் தடத்தில் 'ராஷ்ட்ரீய உத்யான்' என்றே ஒரு நிலையமும் இருக்கிறது.

காலை ஏழரை மணிக்கே கதவு திறந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை. வீட்டிலிருந்து புளியோதரையோ இட்லியோ கட்டிக்கொண்டு போகலாம். பிளாஸ்டிக் பைகளைத் தவிர்த்துவிடுங்கள். விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், பத்து மணிக்கு மேல் போய்ப் பிரயோஜனம் இல்லை. அதற்குள் மான் நிழலுக்குப் போய்விடும். ஜனங்கள் வெயிலுக்கு வந்துவிடுவார்கள்.

"புலியைப் பார்த்தோம்!"

போய் வந்தவர்களில் பலர் "புலியைப் பார்த்தோம், சிங்கத்தைப் பார்த்தோம்" என்று குழந்தைகளிடம் சொல்வார்கள். அது வலை அடித்த பஸ்ஸில் உட்கார்ந்து, வேலி போட்ட இடத்தில் வளர்க்கப்படும் மிருகங்களைப் பார்ப்பது. 2022-ஆம் ஆண்டில் ஒரு ஜோடிச் சிங்கம் குஜராத்தின் ஜூனாகத்திலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டது. குழந்தைகளுக்குக் குதூகலமான சவாரிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதோடு திரும்பிவிட்டால் காட்டைப் பார்த்ததாகாது. இந்தக் காட்டின் சொந்த ராஜா சிறுத்தை. மராத்தியில் 'பிப்ட்யா' என்பார்கள். 2015-ல் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தி எண்ணியபோது 35 சிறுத்தைகள் பதிவாயின. பிந்தைய கணக்கெடுப்புகளில், பக்கத்து ஆரே காலனி முதலிய இடங்களையும் சேர்த்து, ஐம்பதைத் தாண்டியிருக்கிறது.

ஐம்பது சிறுத்தை இருந்தும் உங்கள் கண்ணுக்கு ஒன்றுகூடத் தென்படாது. அது பகலில் உறங்கி இரவில் நடமாடும் பிராணி. அதன் அடையாளங்களைத்தான் பார்க்க முடியும். ஈர மண்ணில் வட்டமான காலடி பதிந்து, நகக்குறி தெரியாமல் இருந்தால் அது பூனை ஜாதி. நகம் தெரிந்தால் நாய். மரத்தின் மேல் கருமுகக் குரங்குகள் திடீரென்று ஒரே குரலில் கத்தினாலோ, புள்ளிமான் கூட்டம் காதை விறைத்துக்கொண்டு ஒரே திசையில் பார்த்தாலோ, 'அவர்' அருகில் இருக்கக்கூடும் என்று காட்டுக்காரர்கள் ஊகிப்பார்கள். பேச்சை நிறுத்தி, பாட்டுப்பெட்டியை அணைத்து, பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரம் நடந்தவன் காணாததை, பத்து நிமிஷம் உட்கார்ந்தவன் காண்பான்.

250-க்கு மேற்பட்ட பறவை வகைகள் இங்கே உண்டு. வாலில் இரண்டு நீளக் கம்பியும் நுனியில் துடுப்பும் வைத்த கரிச்சான் ஒன்று கண்ணில் பட்டாலே காலை நேரம் வீண்போகவில்லை. மழை முடிந்த மாதங்களில், மரத்துக்கு மரம் வலை கட்டி உள்ளங்கை அகலச் சிலந்திகள் உட்கார்ந்திருக்கும்.

மழைக்காடா இது?

கண்டிப்பாகச் சொன்னால் இல்லை. வருடம் முழுவதும் இலை உதிராமல் நிற்பதுதான் மழைக்காடு. இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலு மாதத்தில் மழை கொட்டித் தீர்த்துவிடும். மற்ற எட்டு மாதம் ஏறத்தாழ வறட்சி. ஆகவே தேக்கும் இலவும் கோடையில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். ஓடையோரப் பள்ளங்களில் மட்டும் பசுமை மாறாத திட்டுகள் உண்டு. ஜூலையில் போனவர் சத்தியம் செய்து மழைக்காடு என்பார்; ஏப்ரலில் போனவர் கட்டாந்தரை என்பார். இருவர் சொல்வதும் மெய்தான்.

நம் ஊர்க்காரர்கள் மகிழும் சமாசாரம் ஒன்று உண்டு. இங்குள்ள மலைச்சரிவுகளில் 'கார்வி' என்றொரு புதர்ச்செடி மண்டிக் கிடக்கிறது. அது நம் குறிஞ்சியின் பங்காளி. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். கார்வி எட்டு ஆண்டுக்கு ஒரு முறை. 2016-லும் 2024-லும் இந்தக் காடு நீலமாகப் பூத்தது. அடுத்தது 2032. இன்று ஒன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது மீசை அரும்பியிருக்கும்.

அசல் மழைக்காடு வேண்டுமானால், நம்மில் பலருக்கு அது சொந்த ஜில்லாவிலேயே இருக்கிறது. விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் பாபநாசத்தில் குளித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த அருவிக்கு மேலே எழும் பொதிகை மலைக்காடு வருடமெல்லாம் பசுமை மாறாதது. சிங்கவால் குரங்கு வாழும் இடம் அது. களக்காடு, முண்டந்துறை இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுவே. அந்தக் காடு நிற்பதால்தான் தாமிரபரணி வற்றாமல் ஓடுகிறது என்பதை நெல்லைச் சீமையில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டாம். போரிவலிக் காட்டுக்கும் மித்திக்கும் உள்ள உறவும் அதே உறவுதான்.

கல்லில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகள்

வாசலிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே போனால் கன்ஹேரிக் குகைகள். நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே பஸ் உண்டு. கரும்பாறையில் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் குடைந்து பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடம். கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு இங்கே விளக்கு எரிந்திருக்கிறது. செலவைக் கொடுத்தவர்களில் கல்யாண், சோபாரா ஊர்களின் வியாபாரிகள் உண்டு என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. இன்று நம்மவர்கள் லோக்கல் பிடித்து வேலைக்கு வரும் அதே கல்யாண், அதே நாலாசோபாரா!

சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் தரையையும் பாருங்கள். குகைதோறும் பாறையில் தண்ணீர்த் தொட்டி வெட்டியிருக்கிறார்கள். மழைநீர் வந்து சேரக் கால்வாயும் வெட்டியிருக்கிறார்கள். நாலு மாத மழையைப் பிடித்துவைத்து எட்டு மாதம் குடித்திருக்கிறார்கள். விடியற்காலையில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் நம் தாய்மார்களுக்கு அந்தத் தொட்டிகளின் அருமை மற்ற எவரையும்விட நன்றாகப் புரியும்.

அன்றைய பம்பாய்க்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் வந்ததும் இங்கிருந்துதான். விஹார் ஏரி 1860-ல் முடிந்தது; துள்சி ஏரி 1879-ல். இப்போது நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏழு ஏரிகளில் இவை இரண்டும் அடக்கம். பங்கு சிறியதுதான், பெரும்பகுதி பாட்சா, வைதர்ணா பக்கமிருந்து வருகிறது. ஆனால் நகர எல்லைக்குள்ளேயே கிடைக்கும் ஏரித் தண்ணீர் இது ஒன்றுதான். அதனால்தான் ஏரிக்கரைக்குப் பொதுமக்களை விடுவதில்லை.

சிறுத்தைக்கு யார் எதிரி?

2002 முதல் 2004 வரை இந்தக் காட்டின் ஓரங்களில் சிறுத்தைகள் பலரைக் கொன்றன. 2004 ஜூன் மாதம் மிகவும் கொடியது. ஓரங்களில் குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளின் குழந்தைகள்தான் அதிகம் பலியானார்கள். பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் விட்டால் தொல்லை தீரும் என்று அப்போது நம்பினார்கள். புனே மாவட்டத்து ஜுன்னார் பகுதியில் வித்யா ஆத்ரேயா நடத்திய ஆராய்ச்சி நேர்மாறாகக் காட்டியது. இடம் பெயர்த்து விடப்பட்ட சிறுத்தையால் தாக்குதல் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. ஊர்விட்டு ஊர் தள்ளப்பட்டவனுக்கு வழி தெரியாமல் போவது மிருகத்துக்கும் பொருந்தும்.

சிறுத்தை குடியிருப்புக்கு வருவது மனிதனைத் தேடி அல்ல, நாயைத் தேடி. குப்பை இருக்கும் இடத்தில் தெருநாய். தெருநாய் இருக்கும் இடத்தில் சிறுத்தை. இந்தக் காட்டுச் சிறுத்தைகளின் உணவில் ஏறத்தாழ 40 சதவீதம் நாய்கள் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அதனால் வெறிநாய்க்கடி குறைகிறது என்றும் அது கணக்கிட்டது. ஆக, குப்பையை அகற்றி, இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியே வெளியே விடாமல் இருந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும். 2011-க்குப் பிறகு வனத்துறையும் தொண்டர்களும் இதைத்தான் வீடு வீடாகச் சொல்லிவந்தார்கள்.

கூரையும் காடும்

மும்பைத் தமிழன் இந்தக் காட்டைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறக்க முடியாது. 1995-ல் தொடுக்கப்பட்ட வழக்கில், காட்டுக்குள் இருந்த குடிசைகளை அகற்றும்படி மும்பை உயர்நீதிமன்றம் 1997-ல் உத்தரவிட்டது. 1995 ஜனவரி 1-க்கு முன் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டுவோருக்கு, 7,000 ரூபாய் கட்டினால் மாற்று இடம் என்றது. ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிந்தன. பிற்பாடு பலருக்குச் சாந்திவலியில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. அத்தாட்சி இல்லாதவன் கதி என்ன என்று தாராவி வாசகருக்கு விளக்க வேண்டாம். புல்டோசர் சத்தம் கேட்டு எழுந்த விடியல்கள் அவருக்கும் உண்டு.

யாரும் ஆசைக்காகக் காட்டில் குடிசை போடவில்லை. நகரத்துக்குள் ஒரு கூரைக்கு வழி இல்லாததால் போனார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பிருந்தே அங்கே வாழும் வார்லி ஆதிவாசிகளின் பாடாக்கள் இன்றும் உள்ளே இருக்கின்றன. காட்டைக் காப்பாற்றுவதன் விலையை ஏழை மட்டும் கொடுப்பது நியாயமில்லை. அதேபோல, காடு அழிந்தால் முதலில் தண்ணீரில் நிற்கப்போகிறவனும் ஏழைதான்.

2005 ஜூலை 26-ஐ நினைத்துப் பாருங்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. விஹார் வழிந்தது, மித்தி பொங்கியது, குர்லாவும் தாராவியும் மூழ்கின. அத்தனை மழையை எந்தக் காடும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆனால் மலையில் மரம் இருந்ததால் ஒரு பகுதி நீராவது மண்ணுக்குள் இறங்கியது. கீழே வந்தபின், நகரம் மண்ணைக் கொட்டிக் குறுக்கிவிட்ட ஆற்றில் நீருக்கு வழி இருக்கவில்லை. மேலே காடு, கீழே ஆறு. இரண்டில் ஒன்று கெட்டாலும் தண்ணீர் நம் வாசலுக்குத்தான் வரும்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். போட்டுப் பழக்கினால் நாளை அது உங்கள் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கும். ஏதாவது ஓடைப் பாலத்தில் நின்று, கீழே ஓடும் தெளிந்த நீரைக் காட்டுங்கள். வழிந்தோடிய மலைத் தண்ணீர்தான் நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் மித்தியும் என்று சொல்லிவையுங்கள். புலியைப் பார்த்த கதையைக் குழந்தை ஒரு வாரத்தில் மறந்துவிடும். இதை அவ்வளவு சுலபத்தில் மறக்காது.