திரையின் மேல் விழும் கோல அச்சு

2008 ஏப்ரல் 18ஆம் நாள் இரவு, பெங்களூரு சின்னசாமி அரங்கில் ஐ.பி.எல். போட்டித் தொடரின் முதல் ஆட்டம் நடைபெற்றது. கொல்கத்தா அணியின் பிரெண்டன் மெக்கல்லம் 73 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 158 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய 13 சிக்சர்களும் ரசிகர்களின் நினைவில் இன்றும் இருக்கின்றன. அத்தகைய அடியொன்றைத் தொலைக்காட்சி நமக்கு மீண்டும் காட்டும்போது, இடையில் ஒரு நொடியளவு நிகழும் சிறு நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. போட்டியின் சின்னம் திரையின் குறுக்கே பறந்து வந்து, கணநேரம் திரை முழுவதையும் மூடி, பின் விலகுகிறது. விலகியதும் பழைய பந்து மறுபடியும் வீசப்படுகிறது.

அச்சின்னத்தைப் படம்பிடிக்கும் கேமரா எதுவும் இல்லை. அது முன்கூட்டியே வரையப்பட்டு, அரங்கிற்கு வெளியே நிற்கும் ஓ.பி. வேனில் உள்ள வீடியோ சர்வரில் காத்திருக்கிறது. வீடியோ சர்வர் என்பது பல கேமராக்களின் காட்சிகளை இடைவிடாது பதிந்துகொண்டே, பதிந்தவற்றை வேண்டிய நொடியில் திரும்பவும் தரவல்ல கணினியாகும். மறுகாட்சியும் அதிலிருந்தே வருகிறது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒளிபரப்பு நிலையங்களில் பயன்படும் வழக்கமான வீடியோ கம்பிவடத்தில் நிறமும் ஒளியும் செல்லும். "இந்த இடத்தில் ஒன்றும் இல்லை, பின்னால் இருப்பது தெரியட்டும்" என்ற செய்தி செல்லாது. ஆகவே சர்வர் ஒரே சின்னத்தை இரு படங்களாக, இரு வழிகளில் அனுப்புகிறது. வண்ணச் சின்னம் ஒரு படம். இதனைத் துறையினர் ஃபில் என்பர். அதே வடிவம் கறுப்பிலும் வெள்ளையிலும் அமைந்தது மற்றொரு படம், அது கீ.

வாசலில் துளையிட்ட அச்சைக் கொண்டு கோலமிடுவதை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கீ என்பது அச்சு. ஃபில் என்பது கோலப்பொடி. ஆடுகளக் காட்சி தரை. கீயில் வெண்மையான இடங்களில் மட்டும் சின்னம் விழுகிறது; கறுப்பான இடங்களில் புல்வெளி அப்படியே தெரிகிறது. கோல அச்சில் துளை ஒன்று இருக்கும், அல்லது இராது. கீயிலோ அரைத்துளையும் உண்டு. அதன் சாம்பல் நிறப் பகுதிகளில் சின்னமும் புல்லும் கலந்து தெரிவதனால்தான் எழுத்துகளின் நிழலும் கண்ணாடி போன்ற பட்டைகளும் இயல்பாகத் தோன்றுகின்றன.

இரு படங்களும் இம்மியும் பிசகாமல் சேர்ந்து ஓடவேண்டும். நம் நாட்டு ஒளிபரப்பில் நொடிக்கு 25 ஃபிரேம்கள். கீ ஒரு ஃபிரேம் பிந்தினால், அதாவது நொடியில் 25இல் ஒரு பங்கு தவறினால், பறக்கும் சின்னத்தின் ஓரத்தில் கறுப்பு விளிம்பு தோன்றும். ஃபில் படத்தின் ஓரங்கள் முன்னரே மங்கலாக்கப்பட்டிருக்க, மிக்சர் கருவி அவற்றை மீண்டும் ஒருமுறை மங்கலாக்கினாலும் அதே கறை வரும். சின்னம் திரையை முழுவதும் மூடும் அந்த ஃபிரேமில்தான் நேரடிக் காட்சி விலகி மறுகாட்சி நுழைகிறது. திரைமறைவில் வேடம் மாற்றும் கூத்துக்கலைஞரைப் போல.

ஓட்ட எண்ணிக்கைப் பட்டையின் கதை சற்று வேறு. அதன் எண்கள் பந்துக்குப் பந்து மாறுவதால், தனிக் கணினி ஒன்று அவற்றை அவ்வப்போது எழுதுகிறது. படத்தின் மேல் படிவது மட்டும் இதே கீ முறையில்தான். எழுத்தே இல்லாத தூய காட்சியும் தனியே அனுப்பப்படுவதுண்டு. அதனைப் பெறும் ஒரு நிலையம் தமிழ் எழுத்துகளையும், வேறொன்று கன்னட எழுத்துகளையும் அதன் மேல் இடலாம். படம் ஒருவர் கையிலிருந்தும் அதன் மேலுள்ள எழுத்து மற்றொருவர் கையிலிருந்தும் வருவது இத்தொழிலின் இயல்பு.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் கருதவேண்டிய இடம் இதுவே. முன்பு இவ்வேலைக்குப் பெருவிலைக் கருவிகள் தேவைப்பட்டன. சுவீடனின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.வி.டி. உருவாக்கிய காஸ்பர்சிஜி என்னும் சர்வர் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. நல்லவர்க்குக் கிடைப்பது மற்றவர்க்கும் கிடைக்கும்.

2022 ஜூலையில் குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்து மோலிபூர் சிற்றூரில் ஒரு போலி "ஐ.பி.எல்." வெளிச்சத்துக்கு வந்தது. வயலில் வேலை செய்வோரும் உள்ளூர் இளைஞர்களும் சென்னை, மும்பை, குஜராத் அணிகளின் சீருடைகளை மாற்றி மாற்றி அணிந்து ஆடினர். கூட்டத்தின் ஆரவாரம் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஓட்ட எண்ணிக்கை கணினி வரைகலையாகத் திரையில் காட்டப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. யூடியூபில் இதனைக் கண்டு ரஷ்யாவில் இருந்தோர் பந்தயம் கட்டினர். ஆடுகளம் ஒரு வயல். அதன் மேல் எண்கள் ஓடிக்கொண்டிருந்தமையால் அது அவர்கள் கண்ணுக்குப் போட்டியாயிற்று.

இப்போது எழுத்து மட்டுமன்றி முகமும் குரலும்கூட மேலே இடப்படுகின்றன. புனேயில் இன்ஃபோசிஸை நிறுவியோருள் ஒருவரான நாராயண மூர்த்தி, தாம் வர்த்தகச் செயலிகளைப் பரிந்துரைப்பதாகக் காட்டும் காணொளிகள் போலியானவை என 2023 டிசம்பரில் எச்சரித்தார். ரிசர்வ் வங்கியும் 2024 நவம்பரில், தன் ஆளுநர் முதலீட்டுத் திட்டங்களை அறிமுகப்படுத்துவதாகக் காட்டும் காணொளிகளை மறுத்து, தன் அதிகாரிகள் அத்தகைய செயல்களில் ஈடுபடுவதில்லை என்றும் தான் முதலீட்டு ஆலோசனை வழங்குவதில்லை என்றும் அறிவித்தது. இத்தகைய காணொளியை நம்பிப் பணம் அனுப்பியவர்கள் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் முறையிடுதல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்குச் சிதறுமுன் அதனைத் தடுத்து நிறுத்த அதுவே வழி.

வங்கியின் சின்னத்தை எவரும் எந்தப் படத்தின் மேலும் இடலாம். இணைய முகவரியின் நிலை அவ்வாறன்று. 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தங்கள் இணையதளங்களை ".பேங்க்.இன்" என முடியும் முகவரிக்கு மாற்றுமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. அம்முகவரி வங்கிகளுக்கு மட்டுமே உரியது, ஐதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. அதனைப் பதிவுசெய்து தருகிறது. காணொளியின் கீழுள்ள இணைப்பைத் தொடுமுன் பார்க்கவேண்டியது சின்னத்தையன்று, அந்த முகவரியின் இறுதிச் சொற்களை.